பதாகையின் காது

சன்னாசி புற்றுநோயை வென்றுவிட்டார் என்பது கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் சன்னாசியைத் தவிர எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

தெரியப்படுத்தியது வட சிலாங்கூர் புற்றுநோய் வெற்றி மையம். அந்த மையத்தில் நோயாளிகள் கிடையாது. உள்ளே போகும்போது 'போராளி', வெளியே வரும்போது 'வெற்றியாளர்'. இரண்டுக்கும் நடுவில் செத்துப்போனவர்களுக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் திரும்பி வருவதுமில்லை.

சன்னாசிக்கு வந்தது நாள்பட்ட ரத்தப் புற்று. வெள்ளணுக்கள் அவசரமில்லாமல், ஓய்வூதியக்காரர் நடைபழகுவதுபோல மெதுவாகப் பெருகுகிற வகை. மூன்று வருடம் மருந்தில்லாமல் கவனித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். ரத்தம் ஒருவழியாக அடங்கியதும், மையத்தின் இயக்குநர் டத்தோ டாக்டர் திருச்செல்வம் மேடையில் வைத்து அவர் மணிக்கட்டில் ஒரு வெள்ளை ரப்பர் வளையத்தை மாட்டினார். அதில் 'வென்றேன்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. குளிக்கும்போதும் கழற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்தே சன்னாசிக்கு ஒரு நிலைகொள்ளாமை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் வளையத்தைத் திருகிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். காரணம் உண்டு. வெள்ளை வளையம் என்றால் என்ன என்று மையத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சன்னாசி முப்பத்தொரு வருடம் ஹார்ட்டன் தோட்டத்தில் மரங்களின் நோய் பார்க்கும் மேஸ்திரியாக, நோய் மண்டோராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆள்பேர் கூப்பிட்டு முடிந்ததும் மற்ற மண்டோர்கள் குலை வெட்டும் ஆட்களை ஓட்டிக்கொண்டு போவார்கள். சன்னாசி ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு டின் பெயிண்டுமாகத் தனியாகப் போவார். எண்ணெய் தரும் செம்பனையின் அடித்தண்டில் காளான் பூத்திருந்தால் மரம் உள்ளே அழுகுகிறது என்று பொருள். அழுகலைச் செதுக்கி, மருந்து வைத்து, மண் அணைத்து, தண்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் போடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சுற்றில், வெள்ளை வளையம் போட்ட மரங்களையெல்லாம் அவர் எட்டிப் பார்க்காமல் தாண்டிவிட்டார். வைத்தியம்தான் பார்த்தாயிற்றே என்ற தைரியம். அதில் ஒரு மரம் மறுபக்கம் அழுகி, நின்றுகொண்டிருந்த டிராக்டரின்மேல் அப்படியே சாய்ந்தது. டிரைவர் ஒன்றுக்கு இருக்க இறங்கியிருந்ததால் பிழைத்தான். மறுநாள் பெரட்டில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி முருகையா, நூற்றுப் பத்துப் பேருக்கு முன்னால் சன்னாசியை நிற்கவைத்துக் கேட்டார்:

"ஏன்டா, வளையம் எதுக்குப் போட்டோம்? மாலை மரியாதைக்கா? மறுபடி மறுபடி பாக்கறதுக்குடா! ஒரு தடவ அழுகின மரத்தத்தான் மொதல்ல போய்ப் பாக்கணும்!"

அதற்குப் பிறகு வளையம் போட்ட மரத்தைச் சன்னாசி சும்மா தாண்டியதே இல்லை. மறுபடி காளான் தெரிந்தால் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவார். சிவப்பைப் பார்த்தால் மானேஜர்கூட காரை நிறுத்திவிடுவார்.

ஆகவே, ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த மனைவி தனேஸ்வரி, "என்னாங்க இது, காது மேல சொரசொரன்னு?" என்று கேட்டபோது, சன்னாசி பதறவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: 'வலது காது, மேல்மடல். கடுகு.'

மார்ச்சில் அது பச்சைப்பயறு. மே மாதம் மிளகு. தொட்டால் பொருக்கு உதிர்ந்து ரத்தம் கசிந்தது. சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு மையத்துக்குக் கிளம்பினார்.

நான்காம் எண் முகப்பில் திலகா இருந்தாள். சிரித்த முகம். அவள் முதலில் பார்த்தது அவர் காதை அல்ல, மணிக்கட்டை.

"அங்கிள், வெள்ளை வளையம் போட்டவங்க இந்த வரிசையில நிக்கக்கூடாது லா. இது போராளிங்க வரிசை."

"வெற்றியாளருங்க வரிசை எங்கம்மா?"

"அப்படி ஒண்ணு இல்ல. வெற்றியாளருங்க வீட்டுலதான் இருப்பாங்க."

சன்னாசி தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். திலகா உண்மையாகவே முகம் சுளித்தாள். உண்மையாகவே கணினியில் தட்டிப் பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க, ஒரு ஐசி அடையாளக் கார்டு நம்பருக்கு ஒரு பெட்டிதான் இருக்கு. புற்றுநோய் வகை: ரத்தம். நிலை: வென்றார். இதுக்கு மேல நான் எங்க எழுதறது? ஒரு ஆளுக்கு ஒரு கேன்சர்தான் கம்ப்யூட்டர் ஒத்துக்கும்."

"இது கேன்சரான்னே தெரியல. பாருங்கன்னுதான் கேக்கறேன்."

"பாக்கணும்னா தோல் பிரிவுக்குப் பேரு போடணும். போடணும்னா 'வென்றார்'ங்கறத அழிக்கணும். அழிச்சா நீங்க தோத்ததா ஆயிரும் அங்கிள். எனக்கு மனசு வராது."

டவுன் கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்தவர், "நீங்க மையத்து ஆளாச்சே, எங்க கை வைக்க முடியாது" என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். கடிதத்தை மையத்தில் கொடுத்தார். திலகா அதைப் படித்துவிட்டு, கடிதம் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவதாகவும் மையத்தில் நோயாளிகள் இல்லையென்றும் சொல்லி, திருப்பிக் கொடுத்தாள். இப்படி மே மாதம் போயிற்று. ஜூனும் போயிற்று. சன்னாசி இரவில் இடப்பக்கம் மட்டுமே படுத்தார். பகலில் நெடுஞ்சாலையோரம் நடந்து, யாருடையதென்றே தெரியாத செம்பனைகளின் அடித்தண்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இப்பிடி அலைஞ்சா மட்டும் ஆறிடுமா?" என்றாள் தனேஸ்வரி.

"உக்காந்தா வளருது."

"நடந்தா?"

"நடந்தாலும் வளருது. ஆனா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க வேணாமில்ல."

ஜூலையில் மையமே அவரைக் கூப்பிட்டது. தனேஸ்வரி சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். ஆனால் கூப்பிட்டது மருத்துவர் அல்ல. விளம்பர அதிகாரி திலீப். செப்டம்பரில் 'வெற்றி வாரம்' வருகிறது, மையத்தின் முகப்பில் நாற்பதடிப் பதாகை தொங்கப்போகிறது, அதில் எட்டு வெற்றியாளர்களின் முகம் இருக்கும், சன்னாசி அதில் மூன்றாவது.

படம் எடுக்கும் அறையில் நான்காவது முகம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. புக்கிட் செந்தோசாவிலிருந்து வந்திருந்த புஷ்பவள்ளி, பாலர்பள்ளி ஆசிரியை. அவளுக்கும் அதே ரத்தப் புற்று, அதே மருந்து, அதே வளையம். பவுடர் பூசிக்கொண்டே இருமினாள்.

"சளியாம்மா?" என்றார் சன்னாசி.

"மூணு மாசமா இருமல்ண்ணே. கேட்டா, வளையத்தப் பாத்துட்டு 'வெற்றிக் களைப்பு'ங்கறாங்க."

"மேடம், கேமரா ஓடறப்ப இருமாதீங்க," என்றான் திலீப். "மூஞ்சி ஆடுது."

சன்னாசியின் முறை வந்தது. அவர் வேண்டுமென்றே வலது காதைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்தார். திலீப் இந்தப் பக்கம் திருப்பினான். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுத் திலீப்பே விட்டுக்கொடுத்தான். படம் திரையில் வந்தது. காதும் வந்தது. காதின்மேல் புண்ணும் மிகத் தெளிவாக வந்தது.

"நல்லா பாருங்க தம்பி," என்றார் சன்னாசி ஆவலாக. "ஓரத்துல வெள்ளையா தடிச்சிருக்கு பாருங்க."

"கவலையே படாதீங்கண்ணே." திலீப் திரையில் ஒரு வட்டக் குறியைப் புண்ணின்மேல் நகர்த்தி இரண்டு முறை சொடுக்கினான். "போயிடுச்சு. பாத்தீங்களா? வலிச்சுதா?"

சன்னாசி கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம் இருந்தது.

திரும்பி நடக்கையில் மூன்றாம் மாடி நடைபாதையில், கையில் தேநீர்க் குவளையோடு எதிரே வந்த ஒரு சின்னப் பெண் அவரைக் கடந்து, நின்று, திரும்பி வந்தாள். தோல் பிரிவின் டாக்டர் ஆஃப்ரீன். டவுன் பாசார் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாயின் மகள். மையத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே இன்னும் ஆட்களின் காதைப் பார்க்கிற பழக்கம் இருந்தது.

"அங்கிள், எத்தன மாசமா இருக்கு இது?"

சன்னாசி நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். கடுகு, பச்சைப்பயறு, மிளகு, பட்டாணி. ஆஃப்ரீன் நின்றபடியே படித்தாள். காதைத் தொட்டாள். தாடைக்குக் கீழே கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"உங்களுக்கு ரத்தத்துல வந்த நோயே உடம்போட காவல பலவீனமாக்கிடும். குடுத்த மருந்தும் கொஞ்சம் அப்படித்தான். அதனால ரெண்டாவதா வேற இடத்துல புற்று வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட உங்களுக்கு அதிகம். தோல்ல இன்னும் அதிகம். முப்பது வருஷ வெயில் வேற. எல்லாருக்கும் வரும்னு இல்ல அங்கிள். ஆனா உங்கள மாதிரி ஆளத்தான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

சன்னாசிக்கு ஏழு மாதத்தில் முதன்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"வளையம் போட்ட மரம்னு சொல்லுங்க."

"என்னா மரம்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க சொல்லுங்க."

"ஒரு துண்டு எடுத்து லேப்புக்கு அனுப்பணும். அதுவா இருந்தா, இப்ப எடுத்தா காதுல ஒரு ஓரம் போகும், அவ்வளவுதான். இன்னும் சில மாசம் விட்டா கழுத்துக்கு இறங்கலாம். இறங்கிட்டா..." அவள் முடிக்கவில்லை. முடிக்காததைச் சன்னாசி நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

ஆஃப்ரீன் அன்றே விண்ணப்பம் போட்டாள். கணினி, 'இவர் வென்றவர்' என்று திருப்பி அனுப்பியது. மறுபடி போட்டாள். 'இவர் இன்னமும் வென்றவர்' என்றது. மூன்றாவது முறை போட்டபோது கணினி பொறுமையிழந்து இருவரையும் இயக்குநரின் அறைக்கு வரச் சொல்லியது.

டத்தோ டாக்டர் திருச்செல்வத்தின் அறை கோயில் கர்ப்பக்கிருகம்போலக் குளிர்ந்திருந்தது. சுவரில் அவர் பலருக்கு வளையம் மாட்டும் படங்கள். அவர் எழுந்து வந்து சன்னாசியின் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதாவது, வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் சன்னாசி, நம்ம மையத்தோட வெற்றி விகிதம் எவ்வளவு தெரியுமா? நூத்துக்கு நூறு. பெரிய பெரிய நாட்டுலகூடக் கெடயாது. ஏன்? அவங்க ஆள வீட்டுக்கு அனுப்பிட்டும் எண்ணிக்கிட்டே இருக்காங்க. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம், எண்ணி எண்ணி மனுஷன் நம்பிக்கையே போயிடும். நாங்க வளையம் மாட்டின அடுத்த நிமிஷம் எண்ணறத நிறுத்திடறோம். இதுக்குப் பேருதான் நம்பிக்கை."

"டத்தோ, இது பட்டாணி அளவு..." என்று தொடங்கினாள் ஆஃப்ரீன்.

"இருங்க டாக்டர். இருபது வருஷத்துல எங்க வெற்றியாளர் ஒருத்தருக்குக்கூட ரெண்டாவது புற்றுநோய் வந்ததாப் பதிவு இல்ல. ஒரே ஒரு பதிவுகூட இல்ல. ஏன்?" அவர் இடைவெளி விட்டார். கைதட்டல் விழும் இடம் அவருக்குத் தெரியும். "ஏன்னா, அதுக்குப் படிவமே கெடயாது!"

கைதட்டல் விழாததால் அவரே தொடர்ந்தார்.

"நம்ம கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சியப் பாருங்க. எவ்வளவு பேரு படகு ஏறிப் போய்ப் பாக்கறாங்க! வெளிச்சத்தப் பாக்கறாங்க. இருட்டப் பாக்க யாராச்சும் டிக்கெட் எடுக்கறாங்களா?"

"இருட்டு இல்லேன்னா மின்மினியே தெரியாதுங்க டத்தோ," என்றார் சன்னாசி, வெறும் தகவலாக.

டத்தோ அதை வெற்றிக்குப் பிந்தைய சந்தேகம் என்று இனங்கண்டார். பிறகு திலீப் அனுப்பியிருந்த பதாகைப் படத்தை எடுத்து சன்னாசியின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டார்.

"மையம் அங்கீகரிச்ச படத்துல புண்ணே இல்லையே."

"நேர்ல இருக்குங்களே."

"நேர்ல ஆயிரம் இருக்கும் மிஸ்டர் சன்னாசி. அதுல நான் கையெழுத்துப் போடல."

சந்தேகம் தீர்க்கும் வகுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று காலைகள். ஆள் உயரக் கண்ணாடி முன் நின்று, "நான் வென்றேன்" என்று நூறு தடவை சொல்ல வேண்டும். சன்னாசி சொன்னார். கண்ணாடி நல்ல கண்ணாடி. காது மிகத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினார்: 'ஆகஸ்ட். கொண்டைக்கடலை.'

செப்டம்பர் முதல் வாரம் பதாகையை ஏற்றினார்கள். நாற்பதடி நீளத்தில் எட்டு முகங்கள். அவற்றுக்குக் கீழே, முகங்களைவிடப் பெரிய எழுத்தில், டத்தோ டாக்டர் திருச்செல்வத்தின் பெயர். தனேஸ்வரி சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"காது எவ்வளவு அழகா இருக்கு," என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சன்னாசி அன்று மதியம் சாப்பிடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹார்ட்டன் தோட்டத்துக்குப் போனார். இப்போதைய நோய் மண்டோர் நாராயணசாமி ஸ்டோர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"சேப்புப் பெயிண்டு ஒரு டின் குடுடா."

"எந்த மரத்துக்குண்ணே?"

"ஒரு பெரிய மரம். வளையம் போட்டது. மறுபடி காளான் வந்திருக்கு."

நாராயணசாமி மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அது போதுமான விளக்கம். டின்னையும் தூரிகையையும் கொடுத்து, மானேஜர் பார்த்தாலும் வேலையாள் என்று நினைக்கட்டும் என்று தன் மஞ்சள் மேலங்கியையும் கழற்றிக் கொடுத்தான்.

மறுநாள் காலை பத்து மணி. மையத்தின் முன்னால் வெற்றி வாரத்துக்கு விளக்கு மாட்ட வைத்த ஏணி சும்மா சாய்ந்திருந்தது. சன்னாசி அதைப் பதாகையின் மூன்றாவது முகத்துக்கு நேரே நகர்த்தினார். காவலாளி கிஃபாயத்துல்லா ஓடி வந்தார்.

"யாரு ஆர்டரு?"

"நோய் மண்டோரு ஆர்டரு."

கிஃபாயத்துல்லாவின் ஒன்பது வருட அனுபவத்தில் மஞ்சள் மேலங்கி போட்டவன் ஆர்டர் இல்லாமல் ஏணி ஏறியதில்லை. அப்படி ஒரு மண்டோர் மையத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மையத்தில் தெரியாத பதவிகள் நிறைய இருந்தன.

"பாய், கொஞ்சம் நல்லா புடிங்க. ஆடுது."

பிடித்தார். சன்னாசி ஏறினார். தன் முகத்தோடு முகம் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்த மாசு மருவற்ற வலது காதின் மேல்மடலில், முப்பத்தொரு வருடம் போட்ட கைப்பழக்கத்தோடு, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார். இறங்கி, பாய்க்கு நன்றி சொல்லி, அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார். வளையம் மாட்டியதற்குப் பிறகு அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றுதான்.

நான்கு மாதமாக அசையாத மையம் நான்கு நிமிடத்தில் அசைந்தது.

திலீப் கத்திக்கொண்டே வந்தான். திலகா முகப்பை மூடிவிட்டு வந்தாள். டத்தோ மேல்மாடி ஜன்னலைத் திறந்தார். அந்த ஜன்னல் திறக்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. போலீசைக் கூப்பிடலாம் என்றான் திலீப். கூப்பிட்டால் வெற்றி வாரத்தில் ஒரு வெற்றியாளரைக் கைது செய்ததாகச் செய்தி வரும் என்றார் டத்தோ. ஆகவே மையத்தின் சொத்துச் சேதப் படிவத்தை எடுத்தார்கள்.

படிவம் பதினொரு பக்கம். சேதம் எந்த இடத்தில்? அளவு என்ன? நிறம் என்ன? முதன்முதலில் யார், எந்தத் தேதியில் கவனித்தது? முன்பு பார்த்ததைவிடப் பெரிதாகியிருக்கிறதா? பக்கத்து இடங்களுக்குப் பரவ வாய்ப்பு உண்டா? நான்கு மாதமாக மையத்தில் யாராவது தன்னிடம் கேட்கமாட்டார்களா என்று சன்னாசி காத்திருந்த கேள்விகள் அத்தனையும் அதில் இருந்தன. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார். திலகா எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. முன்பொரு முறை யாரோ டத்தோவின் படத்துக்கு மீசை வரைந்துவிட்டபோது சேர்த்தது: 'படத்தில் சேர்க்கப்பட்ட குறி பொய்யானது என்று உரிய நிபுணர் ஏழு நாளுக்குள் பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும்.' மீசை விவகாரத்தில் ஒரு முடிதிருத்துபவர் சான்றளித்திருந்தார். காதுக்கு ஆஃப்ரீனைக் கூப்பிட்டார்கள்.

"சும்மா பாத்துட்டு 'ஒண்ணுமில்ல'ன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க டாக்டர்," என்றார் டத்தோ.

"சும்மா பாத்தா இருக்கற மாதிரி தெரியுது டத்தோ. இல்லேன்னு நிரூபிக்கணும்னா ஒரு துண்டு எடுத்து லேப்புக்கு அனுப்பணும். இல்லேன்னா விதிப்படி பதாகை கேஸ் நிக்காது."

டத்தோ கையெழுத்திட்டார். மையத்தின் சொத்தைக் காப்பாற்றும் விஷயத்தில் அவர் தாமதித்ததே இல்லை.

அன்று மாலைக்குள் சன்னாசியின் காதிலிருந்து ஒரு நெல் அளவு சதை எடுக்கப்பட்டு, 'சான்றுப் பொருள் ஒன்று – பதாகைச் சேதம் – மிக அவசரம்' என்ற சீட்டோடு ஆய்வகத்துக்குப் போனது. மனிதர்களின் துண்டுகள் மூன்று வாரம் காத்திருக்கும் அந்த ஆய்வகம் ஐந்து நாளில் பதில் சொன்னது. தோல் புற்று. ஆரம்பக் கட்டத்தைத் தாண்டவில்லை. ஆஃப்ரீன் மறுபடி அழுத்திப் பார்த்ததில் கழுத்திலும் ஒன்றும் இல்லை. எடுத்துவிடலாம்.

விசாரணைக் குழு கூடியது. பதாகையில் போட்ட குறி உண்மை என்று நிரூபணமாகிவிட்டதால் அது சேதமல்ல, திருத்தமே என்று முடிவு செய்தார்கள். திருத்தியவருக்கு நன்றிக் கடிதம் அனுப்புவதா எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததால் இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினார்கள்.

ஆனால் புற்றை எடுக்க வேண்டுமே! யார் பெயரில் எடுப்பது? சன்னாசி வென்றவர். அவர் பெட்டி நிரம்பியிருந்தது. திலகாதான் வழி கண்டுபிடித்தாள்.

"புதுப் பேருன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்கும் டத்தோ. பொய்யும் சொல்ல வேணாம். லேப் முடிவே பதாகை பேருலதான வந்திருக்கு."

அப்படியே பதிந்தாள். போராளியின் பெயர்: பதாகை. வயது: இரண்டு வாரம். ஐசி எண் கேட்ட இடத்தில் மையத்தின் சொத்து எண்ணைப் போட்டாள். நோய்: வலது காதில் தோல் புற்று. கணினி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு, மூன்றே நாளில் அறுவைக்குத் தேதி கொடுத்தது.

அந்த நாள் காலையில் வெள்ளை வளையத்தோடு சன்னாசி போராளிகள் வரிசையில் நின்றார்.

"பதாகை!" என்று கூப்பிட்டாள் திலகா.

"இந்தா இருக்கேம்மா."

"பதாகைக்குத் துணைக்கு யாரு வந்திருக்கா?"

"பதாகை சம்சாரம்," என்றாள் தனேஸ்வரி, கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு.

ஆஃப்ரீனே எடுத்தாள். மேல்மடலில் அரை விரல் அகலம் போயிற்று. "ஓரமெல்லாம் சுத்தமா வந்திருக்கு அங்கிள்," என்றாள் அடுத்த வாரம். பிறகு, "மூணு மாசத்துக்கு ஒரு தடவ உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பாக்கணும். மறக்காம வாங்க. ரத்தத்தையும் பாக்கணும். பதாகைன்னு சொன்னா உள்ள விடுவாங்க" என்றாள். சன்னாசி நோட்டில் 'மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று' என்று எழுதி, அடியில் கோடு போட்டார். தோட்டத்தில் மரத்துக்குக்கூட ஆறு மாதத்துக்கு ஒரு சுற்றுதான்.

வெற்றி வாரம் திட்டமிட்டபடி நடந்தது. மேடையில் சன்னாசி காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். முகப்பில் பதாகையின் காதையும் ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இரண்டும் பொருத்தமாக இருந்தன. டத்தோ பேசினார்.

"நம்ம வெற்றி விகிதம் இந்த வருஷமும் நூத்துக்கு நூறு! நம்ம வெற்றியாளர் சன்னாசி பூரண நலத்தோட இருக்கார். பதாகைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருந்துச்சு. அதுவும் இப்ப தேறிடுச்சு!"

கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு நடுவே யாரோ இருமினார்கள்.

மறுநாள் காலை சன்னாசி வீட்டு வாசலில் ஒரு மைவி கார் வந்து நின்றது. ஓட்டிவந்த மகள் காரிலேயே இருக்க, புஷ்பவள்ளி இறங்கி வந்தாள். முன்பு பார்த்ததற்கு இளைத்திருந்தாள். இருமிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல் கேட்டாள்:

"அண்ணே, அந்தச் சேப்புப் பெயிண்டு மிச்சம் இருக்கா?"

சன்னாசி அவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் தொளதொளத்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார்.

"எத்தன மாசம் இருமல்னு சொன்ன?"

"இப்ப அஞ்சு. எடையும் இறங்குது."

"எங்க போடணும்?"

"நெஞ்சுலண்ணே. அதான் யோசனையா இருக்கு. என் படம் தோளோட முடிஞ்சிருதே. நெஞ்சுக்கு எங்க போறது? அதுக்குக் கீழ டத்தோ பேருல்ல எழுதியிருக்கு?"

"நல்லதாப் போச்சு," என்றார் சன்னாசி. "அது மேலயே போட்டுருவோம். இன்னும் சீக்கிரமாப் பாப்பாங்க."

மஞ்சள் மேலங்கியைத் தனேஸ்வரி துவைத்து மடித்து வைத்திருந்தாள். எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்து, மூடியைத் திறந்து, குச்சியால் அடிவரை கலக்கிப் பார்த்தார். முக்கால் டின் இருந்தது. இன்னும் ஏழு முகத்துக்குத் தாராளமாகக் காணும்.